சைடு விங் பதில்கள்: கிறிஸ்துமஸ் ஸ்பெஷல்

சென்ற இதழில் அமெரிக்காவின் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதன் கிறிஸ்துமஸ் எபிசோடைப் பற்றி இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த வாரம் முழுக்க அதுதான். சினிமா கேள்விகள் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும். புதிய வாசகர்களுக்கு ஒரு தகவல்: நான் பல வருடம் சபா நாடகங்களில் நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுக்கும் பிராம்ப்டராக இருந்தவன். மேடையில் நடப்பதைவிடப் பக்கத்தில் நடப்பதைப் பார்த்தே பழகிய கண். பதில்களிலும் அந்த வாடை அடிக்கும்.

மகனைப் பிரிந்திருக்கும் ஒரு தாய்: டிசம்பர் வந்தால் என் மகன் நியூயார்க்கிலிருந்து போன் செய்து, “இந்த வாரம் கிறிஸ்துமஸ் எபிசோட், சனிக்கிழமை ராத்திரி கூப்பிடாதேம்மா” என்கிறான். அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

அங்கே சனிக்கிழமை இரவு பதினொன்றரை என்றால் டிசம்பரில் நமக்கு ஞாயிறு காலை பத்து மணி. ஒன்றரை மணி நேரம் ஓடும். நீங்கள் பன்னிரண்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், எடுப்பான்.

1975 அக்டோபர் 11 அன்று என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கிய நிகழ்ச்சி அம்மா இது. லோர்ன் மைக்கேல்ஸ் என்ற கனடாக்காரர் ஆரம்பித்தார். நடுவில் ஐந்து வருடம் விலகியிருந்து, 1985-ல் திரும்பி வந்தவர் இன்னும் அதே நாற்காலியில் இருக்கிறார். ராக்கஃபெல்லர் சென்டர் கட்டடத்தில் ஸ்டூடியோ 8ஹெச் என்று ஒரு கூடம். அதை முதலில் வானொலி ஸ்டூடியோவாகத்தான் பயன்படுத்தினார்கள். டாஸ்கனினி என்ற பெரிய மேஸ்ட்ரோ என்பிசி சிம்ஃபனி இசைக்குழுவை நடத்திய இடம். அங்கேதான் இப்போது ஒருவர் பன்றி மூக்கு ஒட்டிக்கொண்டு நடிக்கிறார். வாரத்துக்கு ஒரு பிரபலம் ஹோஸ்டாக, அதாவது நிகழ்ச்சியை நடத்துபவராக வருவார், ஒரு பாடகரோ இசைக்குழுவோ வரும், நிரந்தர நடிகர் குழு ஒன்று இருக்கும். சின்னச் சின்ன நாடகங்கள், நடுவில் பொய்ச் செய்தி வாசிப்பு. எல்லாம் நேரலை.

கிறிஸ்துமஸ் எபிசோட் என்பது வருடக் கடைசி விடுமுறைக்கு முந்தைய நிகழ்ச்சி. அதற்கப்புறம் ஜனவரியில்தான் அடுத்தது. கட்டடத்துக்குக் கீழே ராக்கஃபெல்லர் பிளாசாவில் அந்தப் புகழ்பெற்ற மரம் விளக்கு போட்டு நிற்கும். 1931-ல் பொருளாதார மந்தத்தின்போது கட்டுமானத் தொழிலாளர்கள் தாங்களாகவே வைத்த மரத்திலிருந்து தொடங்கிய வழக்கம் அது. கீழே ஊரே உருகிக்கொண்டிருக்கும். மேலே எட்டாவது மாடியில் அந்த உருக்கத்தைக் கிண்டல் செய்துகொண்டிருப்பார்கள். பண்டிகைக்காலத்து நெகிழ்ச்சியைக் கையில் கொடுப்பதுபோல் கொடுத்து, வாங்கப் போகும்போது வெடுக்கென்று பிடுங்கிக்கொள்வதுதான் இந்த எபிசோடின் வேலை. உங்கள் மகன் பார்ப்பதும் அதற்காகத்தான் இருக்கும்.

கல்லூரி மாணவர் ஒருவர்: உண்மையிலேயே நேரலையா? ஒரு காட்சியில் கிறிஸ்துமஸ் தாத்தாவாக வருபவர் அடுத்த காட்சியில் கோட்டு சூட்டோடு வருகிறாரே? வசனத்தை எப்படி மனப்பாடம் செய்கிறார்கள்?

மனப்பாடம் செய்வதில்லை. அந்த ரகசியத்தைக் கண்டுபிடித்த அன்றிலிருந்துதான் எனக்கு இந்த நிகழ்ச்சியின் மீது தனிப் பிரியம்.

திங்கட்கிழமை எல்லாரும் அந்த வார ஹோஸ்ட்டோடு உட்கார்ந்து யோசனை சொல்வார்கள். செவ்வாய் இரவு எழுத ஆரம்பித்து விடிய விடிய எழுதுவார்கள். புதன்கிழமை பெரிய மேசையைச் சுற்றி உட்கார்ந்து நாற்பது ஸ்கிரிப்ட் வரை உரக்கப் படிப்பார்கள். அதில் முக்கால்வாசி அங்கேயே செத்துவிடும். பிழைத்ததற்கெல்லாம் அன்றிரவே செட் வரையத் தொடங்குவார்கள். புரூக்ளினில் தச்சர்கள் அடித்து முடித்ததை லாரியில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். வியாழன், வெள்ளி ஒத்திகை. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, டிக்கெட் கிடைத்த பார்வையாளர்களை உட்காரவைத்தே முழு டிரஸ் ரிகர்சல். எது சிரிப்பு வாங்கியது, எது விழுந்தது என்று அங்கே தெரிந்துவிடும். அது முடிந்ததும் மைக்கேல்ஸ் அறையில் ஒரு கூட்டம். ராப்பகலாகச் செட் போட்ட நாடகத்தைக்கூட ஈவு இரக்கமில்லாமல் தூக்கி எறிவார்கள், வரிசையை மாற்றுவார்கள், முடிவை மாற்றி எழுதுவார்கள். எல்லாம் ஒளிபரப்புக்கு ஒரு மணி நேரம்கூட இல்லாத சமயத்தில். இப்படி இருக்கும்போது மனப்பாடம் செய்து என்ன பயன்? செய்தால் ஆபத்துதான், எட்டு மணிக்குச் சொன்ன பழைய வசனம் வாயில் வந்துவிடும்.

அதனால்தான் க்யூ கார்டு. பெரிய வெள்ளை அட்டைகளில் கையால் எழுதி, கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். யாருக்கு எந்த வசனம் என்று தெரிய ஆளுக்கொரு நிறத்தில் எழுத்து. வசனம் மாறினால் மேலே வெள்ளைப் பட்டையை ஒட்டித் திருத்தி எழுதிவிடுவார்கள். இந்தக் காலத்தில் எல்லாச் செய்தி நிலையங்களிலும் திரையில் எழுத்தை ஓடவிடும் டெலிப்ராம்ப்டர் இருக்கும்போது இவர்கள் ஏன் அட்டையைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று கேட்கலாம். அட்டைக்குக் கரண்ட் போகாது. கடைசி நிமிடத்தில் மாற்றலாம். நடிகர் எங்கே திரும்பினாலும் அட்டைக்காரரும் அங்கே போகலாம். அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள்: பேசிக்கொள்கிற இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இரண்டு காதுக்கும் அப்பால் எங்கோ பார்ப்பார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் படுதாவுக்குப் பின்னால் நின்று கிசுகிசுக்க வேண்டியிருந்தது. நாலாவது வரிசைக்குக் கேட்டுவிடும், கதாநாயகனுக்குக் கேட்காது.

உடை மாற்றம் விளம்பர இடைவேளையில் நடக்கிறது. இரண்டு மூன்று நிமிடம். மேடைக்குப் பின்னால் ஓடிக்கொண்டே ஒருவர் சட்டையைக் கழற்ற, இன்னொருவர் விக் மாட்ட, மூன்றாமவர் ஷூவை நீட்ட. செட் தள்ளுகிறவர்கள் அதே நேரத்தில் வரவேற்பறையை இழுத்துக்கொண்டு போய்ச் சமையலறையைக் கொண்டுவருவார்கள். அதைப் படம்பிடித்துக் காட்டினால் நாடகத்தைவிட நன்றாக இருக்கும்.

நேரலைதானா என்ற சந்தேகத்துக்கு இரண்டு கிறிஸ்துமஸ்கால ஆதாரம் தருகிறேன். 1976 டிசம்பரில் நடிகை கேண்டிஸ் பெர்கன் ஹோஸ்ட். குழு நடிகை கில்டா ராட்னரோடு ஒரு நாடகத்தில் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், அப்புறம் சிரிப்பை அடக்க முடியவில்லை. கில்டா முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், எதிரில் இருப்பவர் உளறுவதும் நாடகத்தில் ஒரு பாகம் என்பதுபோல் நடித்துக் காப்பாற்றினார். இரண்டாவது, 2005 டிசம்பர். அலெக் பால்ட்வின் 1992-ல் வந்த ‘க்ளென்கேரி க்ளென் ராஸ்’ படத்தில் விற்பனையாளர்களைக் கிழித்துத் தோரணம் கட்டுகிற ஒரு காட்சியில் வருவார். அந்தக் காட்சியையே, கிறிஸ்துமஸ் தாத்தாவின் பொம்மைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் குட்டி உதவியாளர்களைத் திட்டுவதாக மாற்றி அவரையே நடிக்கவைத்தார்கள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஓர் இடத்தில் கிண்டல் வசனத்துக்குப் பதில் படத்தின் அசல் வசனம் வாயில் வந்துவிட்டது. பதிவு செய்யப்பட்ட நிகழ்ச்சியாக இருந்தால் திரும்ப எடுத்திருப்பார்கள். நமக்கு நஷ்டமாகியிருக்கும்.

ஓய்வு பெற்ற ஆசிரியர்: பழைய கிறிஸ்துமஸ் நாடகங்களில் ஒன்றே ஒன்று பார்க்கலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்?

நகைச்சுவை நடிகர் ஸ்டீவ் மார்ட்டின், 1986 டிசம்பர். செட் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பின்னணியில் மெல்லிய இசை, கேமராவைப் பார்த்து ஒரு மனிதர். இந்தப் பண்டிகையில் எனக்கு ஒரே ஒரு ஆசை நிறைவேறும் என்றால், உலகத்துக் குழந்தைகள் எல்லாரும் கைகோத்து அமைதிக்காகப் பாட வேண்டும் என்று கேட்பேன் என்கிறார். கண் கலங்குகிறது. இரண்டு ஆசை என்றால்? முதலாவது குழந்தைகள், இரண்டாவது மாதம் மூன்று கோடி டாலர் சுவிஸ் வங்கியில் வரியில்லாமல் வந்து விழ வேண்டும். மூன்றாவது, எல்லா உயிர்கள் மீதும் எனக்கு அதிகாரம். அப்புறம் சிற்றின்பம் வருகிறது, பகைவர்களைப் பழிவாங்குவது வருகிறது. ஒவ்வொரு முறையும் பட்டியலைத் திருத்திச் சொல்லும்போது குழந்தைகள் ஒரு படி கீழே இறங்குகிறார்கள். கடைசியில் அத்தனை குழந்தைகளையும் ஓர் இடத்தில் சேர்ப்பதில் உள்ள நடைமுறைச் சிக்கலை யோசிக்க ஆரம்பித்துவிடுகிறார்.

குரல் மட்டும் கடைசிவரை மாறாது. அதுதான் நடிப்பு. ஆசை பேராசையாகும்போது நடிகனின் குரலும் ஏறத் துடிக்கும். மார்ட்டின் ஏற விடுவதில்லை. முதல் வரியைச் சொன்ன அதே பரிசுத்தத்தோடு சுவிஸ் வங்கியையும் சொல்கிறார்.

ஒன்றுதான் கேட்டீர்கள். வாத்தியார் கேட்டால் கூடவே இன்னொன்று தருவது மரியாதை. 1976-ல் குழு நடிகர் டான் அய்க்ராய்ட் ஒரு பொம்மை வியாபாரியாக வருவார். பண்டிகைக்கு அவர் விற்கும் பொம்மைகளில் ஒன்று, ஒரு பை நிறைய உடைந்த கண்ணாடி. வேறு ஒன்றும் இல்லை. தொலைக்காட்சிப் பேட்டியில் நியாயம் கேட்கும்போது, குழந்தைகள் தெருவிலும் கடற்கரையிலும் கண்ணாடித் துண்டைப் பொறுக்கத்தானே செய்கிறார்கள், நாங்கள் பையில் போட்டுத் தருகிறோம் என்கிறார். இன்றைக்கும் சில கம்பெனிகள் கொடுக்கும் விளக்கத்துக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இல்லத்தரசி ஒருவர்: பெண்களின் பார்வையில் ஏதாவது எடுத்திருக்கிறார்களா, இல்லை எல்லாம் ஆண்களின் ஜோக்தானா?

2020 டிசம்பரில் நடிகை கிறிஸ்டன் விக் ஹோஸ்டாக வந்து நடித்தது உங்களுக்காகவே எழுதியதுபோல் இருக்கும். கிறிஸ்துமஸ் காலை. வீட்டில் ஆளாளுக்குத் தனக்குக் கிடைத்த பரிசுகளைப் பாட்டாகப் பாடிக் குதிக்கிறார்கள். நீண்ட நீண்ட பட்டியல். அம்மாவின் முறை வருகிறது. அவளுக்குக் கிடைத்தது ஒரு மேலங்கி. அவ்வளவுதான். மறுபடி எல்லாரும் தங்கள் பட்டியலைத் தொடர்கிறார்கள், மறுபடி அம்மா முறை, மறுபடி அதே மேலங்கி. எல்லாருடைய பரிசையும் வாங்கி, சுற்றி, பெயர் எழுதி வைத்தது யார் என்று ஒருவரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. வீட்டில் எல்லாரும் இருக்கும்போது போட்டுக் காட்டுங்கள். யார் முதலில் சிரிப்பதை நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள்.

அரசு ஊழியர்: குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா?

கூடாது. இரவு பதினொன்றரைக்கு வரும் நிகழ்ச்சி என்பதை மறக்க வேண்டாம்.

2006 டிசம்பர் 16 அன்று பாடகர் ஜஸ்டின் டிம்பர்லேக்கும் குழு நடிகர் ஆண்டி சாம்பர்க்கும் காதலிக்குக் கொடுக்கும் பரிசுப் பெட்டி பற்றி ஒரு பாட்டுப் பாடினார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது. தொலைக்காட்சியிலேயே அந்தச் சொல் வரும் இடமெல்லாம் சத்தம் போட்டு மறைத்தார்கள். அடுத்த வருடம் அதற்கு சிறந்த பாடலுக்கான எம்மி என்ற தொலைக்காட்சி விருது கொடுத்தார்கள். 1998-ல் அலெக் பால்ட்வின் பண்டிகை இனிப்பு விற்பவராக வந்த நாடகம் இன்னும் தந்திரமானது. அதில் கெட்ட வார்த்தையே கிடையாது. வானொலி நிகழ்ச்சி நடத்தும் இரண்டு பெண்மணிகள் தூங்கும் குழந்தையை எழுப்பக் கூடாது என்பதுபோல் மெதுவாகப் பேசி அவருடைய இனிப்பு உருண்டைகளைப் பாராட்டுவார்கள். மூன்று பேர் முகத்திலும் விஷமம் துளிகூட இருக்காது. விஷமமெல்லாம் கேட்பவர் மண்டையில்தான். பிற்பாடு ஒரு பெரிய ஐஸ்கிரீம் கம்பெனி அந்த இனிப்பின் பெயரிலேயே ஐஸ்கிரீம் வெளியிட்டது.

வங்கி அதிகாரி: செய்தி வாசிக்கும் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் ஜோக் எழுதிக் கொடுத்து மாட்டிவிடுகிறார்களே, அது முன்கூட்டியே பேசிவைத்ததா?

‘வீக்கெண்ட் அப்டேட்’ பகுதியின் காலின் ஜோஸ்ட், மைக்கேல் சே. 2014 முதல் ஜோடியாக வாசிக்கிறார்கள். ஒருவர் வெள்ளையர், ஒருவர் கறுப்பர். டிசம்பர் எபிசோடில் இவர் எழுதியதை அவரும் அவர் எழுதியதை இவரும் முன்கூட்டிப் பார்க்காமல் வாசிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சே எழுதிக் கொடுப்பவை ஜோஸ்ட்டை இனவெறியராகக் காட்டுகிற ஜோக்குகள். வெள்ளைக்காரர் அதை வாசிக்க வாசிக்க வியர்க்கும்.

2023-ல் சே ஒரு படி மேலே போனார். வயதான ஒரு கறுப்பினப் பெண்மணியை, மனித உரிமைக்காகப் போராடியவர் என்று அறிமுகப்படுத்தி ஜோஸ்ட்டுக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தார். அந்த அம்மாள் முன்னால் அந்த ஜோக்குகளை வாசிக்க வேண்டும். அவர் ஒரு நடிகை என்பது பிற்பாடுதான் வெளியே வந்தது. 2024-ல் ஜோஸ்ட்டின் மனைவி, நடிகை ஸ்கார்லெட் ஜோஹான்சன் மேடைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஜோக்கு அவரைப் பற்றியே வந்தது. கேமரா அவர் முகத்துக்குப் போனது.

ஜோஸ்ட் அட்டையில் அடுத்த வரியைப் பார்த்ததும் ஒரு கணம் வாய் நின்று, கண் மட்டும் முன்னால் ஓடும். எழுதியிருப்பதை முதல் முறை படிப்பவனுக்குத்தான் அப்படி ஓடும். என் முன்னால் எத்தனையோ பேருக்கு ஓடியிருக்கிறது. அதை வைத்துச் சொல்கிறேன், வாசிப்பு அசல்.

பெயர் வேண்டாம் என்றவர்: ஒரு வருடம் பார்வையாளர்களே இல்லாமல் நடத்தினார்களாமே? சிரிக்க ஆள் இல்லாமல் நகைச்சுவை நிகழ்ச்சியா?

2021 டிசம்பர் 18. இந்த எபிசோடைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

நடிகர் பால் ரட் அன்று ஐந்தாவது முறை ஹோஸ்ட். ஐந்து முறை ஹோஸ்ட் ஆனவர்களுக்கு ‘ஃபைவ் டைமர்ஸ் கிளப்’ என்று ஒரு வேடிக்கைச் சங்கம் உண்டு. 1990-ல் டாம் ஹாங்க்ஸ் ஐந்தாவது முறை வந்தபோது தொடங்கிய விளையாட்டு. சேர்பவருக்கு ஒரு கோட்டு போடுவார்கள், பழைய உறுப்பினர்கள் வந்து வாழ்த்துவார்கள். வாரம் முழுக்க அதற்கான ஏற்பாடு. ஆனால் ஒமைக்ரான் நியூயார்க்கில் பரவிக்கொண்டிருந்தது. நிகழ்ச்சி நாளன்று பிற்பகலில் அறிவித்தார்கள்: பார்வையாளர்கள் கிடையாது, நடிகர்களும் பணியாளர்களும் மிகக் குறைவு. பாட வேண்டியிருந்த சார்லி எக்ஸ்சிஎக்ஸ் பாடவில்லை. இசையே இல்லை.

ரத்து செய்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் மைக்கேல்ஸ் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு: நிகழ்ச்சி தயாராகிவிட்டது என்பதால் நாம் ஒளிபரப்புவதில்லை, மணி பதினொன்றரை ஆகிவிட்டது என்பதால் ஒளிபரப்புகிறோம்.

மணி ஆனது. வெறிச்சோடிய ஸ்டூடியோவில் டாம் ஹாங்க்ஸ் வந்து நின்று வரவேற்றார். முன்பு இதே நிகழ்ச்சியில் செய்தி வாசித்த டீனா ஃபே வந்தார். பால் ரட்டுக்குக் கோட்டு போட்டார்கள். ஸ்டீவ் மார்ட்டினும் மார்ட்டின் ஷார்ட்டும் பதிவு செய்து அனுப்பிய வாழ்த்து ஓடியது. அந்த வாரம் முன்கூட்டியே படமாக்கி வைத்திருந்த ஒன்றிரண்டையும், பழைய கிறிஸ்துமஸ் நாடகங்களையும் போட்டு நேரத்தை நிரப்பினார்கள். புதியவற்றில் ஒன்றை மட்டும் தேடிப் பாருங்கள். வீட்டு அலங்காரக் கடையின் விளம்பரப் படப்பிடிப்பு. பண்டிகைக்கு என்ன பரிசு வேண்டும் என்று இரண்டு நடுத்தர வயது அம்மாக்களிடம் இயக்குநர் கேட்கிறார். கடையில் இருக்கும் எதையாவது சொல்வார்கள் என்று அவர் எதிர்பார்க்க, இருவருக்கும் வேண்டியது பேரக்குழந்தை. எத்தனை முறை கேட்டாலும் பேரக்குழந்தைதான்.

செய்தி வாசிப்புதான் அன்று உச்சம். வழக்கமான மேசையும் பின்னணிப் படமும் இல்லை. டீனா ஃபேயும் மைக்கேல் சேயும் மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஜோக்கு வாசித்தார்கள். எதிரில் பார்வையாளர்கள் டாம் ஹாங்க்ஸ், பால் ரட், குழு நடிகர் கீனன் தாம்ஸன். மூன்று பேர். சுமார் முந்நூறு பேர் உட்காரும் இடத்தில் மூன்று பேர் சிரித்தால் எப்படி இருக்கும்? ஒவ்வொரு சிரிப்பும் யாருடையது என்று தனித்தனியாகத் தெரியும். ஜோக்கு விழுந்தால் விழுந்த சத்தமும் கேட்கும். டீனா ஃபே கொஞ்சமும் வேகத்தைக் கூட்டவில்லை. முந்நூறு பேருக்கு விடும் இடைவெளியை மூன்று பேருக்கும் விட்டார். அனுபவம் குறைந்தவர்கள் மௌனத்துக்குப் பயந்து அடுத்த வசனத்துக்கு ஓடிவிடுவார்கள். படுதாவுக்குப் பின்னாலிருந்து “பொறு, பொறு” என்று கையாட்டி என் தோள் வலித்த நாட்கள் உண்டு.

அன்றைய நிகழ்ச்சி நன்றாக இருந்ததா என்றால், இல்லை. நாடகம் என்ற கணக்கில் பார்த்தால் பாதிக்கும் மேல் பழைய சரக்கு. ஆனால் நன்றாக அமைந்த பல எபிசோடுகள் எனக்கு மறந்துவிட்டன. இது மறக்கவில்லை.

கவிதை எழுதும் வாசகி: ஊரே துக்கத்தில் இருக்கும்போதும் இவர்கள் சிரிக்கவைத்துக்கொண்டுதான் இருப்பார்களா?

2012 டிசம்பர் 14, வெள்ளிக்கிழமை. கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு தொடக்கப் பள்ளிக்குள் புகுந்து ஒருவன் சுட்டதில் இருபது குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் இறந்தார்கள். மறுநாள் இரவு கிறிஸ்துமஸ் எபிசோட். மார்ட்டின் ஷார்ட் ஹோஸ்ட், பால் மெக்கார்ட்னி பாட வந்திருந்தார்.

வழக்கமாக முதலில் அரசியல் கிண்டல் ஒன்று வரும். அன்று நியூயார்க் நகரச் சிறுவர் பாடகர் குழு நின்று ‘சைலண்ட் நைட்’ பாடியது. ஒருவரும் முன்னால் வந்து பேசவில்லை, விளக்கம் தரவில்லை. பாட்டு முடிந்ததும் வழக்கமான “லைவ் ஃப்ரம் நியூயார்க்” அறிவிப்பை அந்தக் குழந்தைகளே கூவினார்கள். அப்புறம் மார்ட்டின் ஷார்ட் வந்து ஆட்டம் பாட்டம் என்று தன் வேலையைத் தொடங்கினார். அதே குழந்தைகள் பிறகு மெக்கார்ட்னியோடு சேர்ந்து அவருடைய கிறிஸ்துமஸ் பாட்டையும் பாடினார்கள்.

ஒரு பாட்டு அளவுக்கு நிறுத்திக்கொண்டதுதான் எனக்குப் பிடித்தது. உருக்கத்தைக் கொடுத்துப் பிடுங்குவது இவர்கள் வழக்கம் என்றேன் அல்லவா? அன்றைக்குக் கொடுத்ததைப் பிடுங்கவில்லை. இன்னும் கொஞ்சம் என்று நீட்டவும் இல்லை.

சினிமா ரசிகர்: எடி மர்ஃபி திரும்பி வந்த எபிசோட் பற்றி?

2019 டிசம்பர் 21. ஒரு காலத்தில் இந்த நடிகர் குழுவில் இருந்தவர், அதற்கு முன் ஹோஸ்டாக வந்தது 1984 டிசம்பரில். முப்பத்தைந்து வருட இடைவெளிக்குப் பிறகு தன் பழைய பாத்திரங்களை எல்லாம் மறுபடி மாட்டிக்கொண்டு வந்தார். வாழ்நாளில் முதல் எம்மி விருதும் அதற்குத்தான். எனக்கு அதைவிட 1982 டிசம்பர் கதை பிடிக்கும். ஹோஸ்டாக வரவேண்டிய நிக் நோல்ட்டிக்கு உடம்பு சரியில்லை. குழுவில் இருந்த இருபத்தொரு வயது எடி மர்ஃபியையே ஹோஸ்டாக நிறுத்தினார்கள். அவர் தொடக்க அறிவிப்பில் நிகழ்ச்சியின் பெயரை எடுத்துவிட்டு ‘எடி மர்ஃபி ஷோ’ என்று தன் பெயரைப் போட்டுக்கொண்டார். குழுவில் இருக்கும்போதே ஹோஸ்ட் ஆனவர் அவர் ஒருவர்தான்.

வரலாற்று மாணவி: கிறிஸ்துமஸ் மட்டும்தானா, வேறு பண்டிகைகள் வராதா?

வரும். யூதர்களின் ஹனுக்கா பண்டிகையும் அதே பருவத்தில்தான். ஊரெல்லாம் கிறிஸ்துமஸ் பாட்டு கேட்கும்போது நமக்கென்று ஒரு பாட்டு இல்லையே என்ற யூதப் பிள்ளைகளுக்காக, 1994 டிசம்பரில் ஆடம் சாண்ட்லர் ஒரு கிடாரோடு வந்து உட்கார்ந்து, யார் யாரெல்லாம் யூதர்கள் என்று நடிகர்கள் பெயரை அடுக்கிப் பாடினார். இன்றும் டிசம்பர் ஆனால் அமெரிக்க வானொலிகளில் அது ஒலிக்கிறது.

பயணம் போகும் தம்பதி: டிசம்பரில் நியூயார்க் போகிறோம். நேரில் பார்க்க டிக்கெட் என்ன விலை?

இலவசம். அதனால்தான் கிடைக்காது. ஆகஸ்ட் மாதம் மட்டும் மின்னஞ்சல் வாங்கிக் குலுக்கல் போடுகிறார்கள். எந்தத் தேதி என்பதும் அவர்கள் முடிவுதான். அது தவறினால் ஸ்டாண்ட்பை வரிசை, அதாவது மிச்சமிருக்கும் இடத்துக்குக் காத்திருப்பவர்களின் வரிசை. டிசம்பர் குளிரில் நிற்க வேண்டும், நின்றாலும் இடம் நிச்சயமில்லை. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை விடமாட்டார்கள்.

ஸ்டாண்ட்பையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள்: எட்டு மணி ஒத்திகையா, பதினொன்றரை நேரலையா? எல்லாரும் நேரலைக்குத்தான் ஓடுவார்கள். நீங்கள் ஒத்திகையைக் கேளுங்கள். நேரலையில் வருவதைவிட அதிக நாடகங்கள் அங்கே நடக்கும். அவற்றில் சில அன்று இரவே வெட்டப்பட்டுவிடும். நேரலையை ஊருக்குப் போயும் பார்க்கலாம்.